வளராத பச்சைக் கோடு

போன மாதம் இறந்த என் அம்மா, ஒரு துணிக்கடையின் பின்னறையில் பேன்ட் கால் குறைத்து, இடுப்பு பிடித்து வாழ்ந்தவள். ஊசி இரவல் வாங்கினால் நூல் கோத்துத்தான் திருப்பித் தருவாள்.

இளவயதில் அவள் வாலிபால் ஆடிய கிளப்பின் ஆட்டங்களைப் பழைய ஆட்டக்காரிகள் ஒரு செயலியில் நேரலையாகப் பார்த்தார்கள். அதற்குப் பெரிய சர்வர் கிடையாது. பார்ப்பவர்களே தங்களுக்கு வந்த படத்துண்டுகளை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். யார் எவ்வளவு அனுப்பினார் என்பதைத் திரையில் பச்சைக் கோடு காட்டும். எங்கள் வீட்டு இணைய இணைப்பு நன்றாக வாங்கும், கொடுக்கத் திணறும். அம்மாவின் கோடு வளரவே இல்லை.

ஒருநாள் அரட்டையில் அவளுடைய பழைய கேப்டன் எழுதினாள்: “யாருப்பா இந்த ஓசி கிராக்கி? வாங்கி வாங்கி முழுங்குது!”

திரையில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். அது யாரென்று கேப்டனுக்குத் தெரியாது. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

மறுநாள் வீட்டிலிருந்த போன், லேப்டாப் என நான்கிலும் செயலியைத் திறந்து வரிசையாக வைத்திருந்தாள்.

“நாலு பேரா குடுத்தா கோடு ஏறும்ல?”

“நாலு பேரா வாங்கறம்மா. வெளிய போற வழி ஒண்ணுதான்.”

“அடக் கடவுளே! அப்ப நாலு மடங்கு ஓசியா?”

இத்தகைய வலையமைப்புகளில் ‘கேம் தியரி’ என்னும் ஆட்டக் கோட்பாட்டைப் பொருத்துவதுதான் என் ஆராய்ச்சி. விளக்கினேன். எல்லாரும் தங்கள் லாபத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் கொடுப்பவருக்கு முதலில் படம், கொடுக்காதவருக்குக் கடைசியில்.

“நான் விலகிட்டா மத்தவங்களுக்குப் படம் நல்லா தெரியுமாடீ?”

“கொஞ்சம் நல்லா தெரியும்.”

கணக்குப்படி சரியான பதில். லாபமில்லாமல் விலகுபவரை என் சமன்பாடு அறியும். வெட்கப்பட்டு விலகுபவர் அதில் இல்லை.

கிளப் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அன்று அம்மா செயலியைத் திறக்கவில்லை. சமையலறைச் சுவரோரம் நின்று வெங்காயம் நறுக்கினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர்கள் அதே செயலியில் ஆட்டத்தைப் பார்த்துக் கத்தினார்கள்.

“இது நம்ம பாயின்ட்,” என்றாள்.

“வாம்மா, போன்ல போட்டுத் தரேன்.”

“வேணாம்டீ. எவளுக்காவது படம் நின்னுடும்.”

மறுபடி ஒரு கூச்சல். அம்மாவின் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

“இதையும் ஓசியிலதான் கேக்கறேன், இல்ல?” என்று சிரித்தாள்.

எனக்குத்தான் தலை நிமிரவில்லை.