மாமா அமுக்காத பொத்தான்

அன்றைக்கு மத்தியானம் அந்த ஏற்றுமதி ஆபீசில் இருந்தது மாமாவும் நானும் மட்டும். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கட்டாயம் இருந்திருக்க வேண்டிய கம்ப்யூட்டர் அண்ணன், விளாத்திகுளத்தில் ஒரு சடங்கு வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்.

மாமா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். டீ வாங்கிக் கொடுக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே வேலை படித்தவர். நானோ ஏழாம் வகுப்பு; எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் பாடம் படித்த முதல் ஆள். லீவு நாள் என்று தொற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

கறுப்புத் திரையில், கப்பலேற வேண்டிய கண்டெய்னர்களின் விவரம் வரிவரியாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் இறால் கண்டெய்னர். நாலு மணிக்குள் அதுவும் பதிவாகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும்.

பதிவான ஒவ்வொரு கண்டெய்னர் எண்ணின் மேலும் மாமா மவுஸை இழுப்பார். எண் வெளிச்சம் போட்டுக்கொள்ளும். பக்கத்தில் திறந்திருந்த கட்டத்தில் மவுஸ் சக்கரத்தை ஓர் அமுக்கு. எண் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். கீபோர்டில் ஒரு பொத்தானையும் தொடவில்லை! தூண்டிலும் இல்லை, வலையும் இல்லை, மீன் மட்டும் கூடைக்கு வந்த மாதிரி. எனக்கு வாய் மூடவில்லை.

"எப்படி மாமா?"

"தடவுனா ஒட்டிக்கிடும்ல மருமவனே, சந்தனம் மாதிரி."

நம்ப முடியவில்லை. கண்ட்ரோலையும் சியையும் சேர்த்து அமுக்கினால்தான் காப்பி ஆகும் என்று சார் போர்டிலேயே எழுதிப் போட்டிருந்தாரே.

துறைமுக வாசலிலிருந்து லாரி டிரைவர் கூப்பிட, மாமா போனோடு வராந்தாவுக்குப் போனார். ஓர் எண் வெளிச்சத்தோடு அப்படியே கிடந்தது. பாவம், மறந்துவிட்டார் என்று நானே கண்ட்ரோலையும் சியையும் அமுக்கினேன். ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. ^C என்று, தொப்பி போட்ட ஒரு சி திரையில் வந்தது. காப்பி ஆனதற்கு எனக்கு வணக்கம் சொல்கிறது என்று நினைத்தேன். சத்தியமாகப் புல்லரித்தது.

மாமா வந்து பார்த்தார். "ஏலே, எதத் தொட்ட?"

"நீங்க விட்டதக் காப்பி பண்ணுனேன்."

மறுபடி ஓட்டக் கம்ப்யூட்டர் அண்ணனின் பாஸ்வேர்டு வேண்டும். மாமா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். "மேளச் சத்தத்துல எடுக்க மாட்டக்கான்." நாலு மணி ஆயிற்று. கப்பல் போயிற்று, இறால் நின்றது.

முதலாளி வந்து குதித்தார். "எவம்ல தொட்டது?"

"எங் கைதான் பட்டுட்டு, மொதலாளி."

"பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பாக்காதவன்கிட்ட மிஷினக் குடுத்தா இப்படித்தான்!"

எனக்கும் அது சரியென்றே பட்டது. மாமா அமுக்க மறந்ததால்தான் வரிகள் நின்றன, அதைத்தான் ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகையில், பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவருக்குக் கண்ட்ரோல் சி சொல்லிக்கொடுத்தேன். "அப்பிடியா, அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார்.

கல்லூரி லேபில் அதே மாதிரிக் கறுப்புத் திரையின் முன் உட்கார்ந்த அன்றுதான் தெரிந்தது: அங்கே தடவினாலே காப்பி; கண்ட்ரோல் சி என்றால், ஓடுவதை நிறுத்து. அன்றே மாமாவுக்குப் போன் போட்டேன். மழுப்பிப் பார்த்து, கடைசியில் சொன்னார். அடுத்த கப்பல் வரும்வரை கண்டெய்னர் யார்டில் கிடந்த வாடகையையும், இறால் கெடாமல் இருக்க ஓடிய கரண்டுக் காசையும் அவர் சம்பளத்தில் ஐந்து மாதம் பிடித்தார்களாம். மொத்தம் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்.