அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்

எண்பத்தேழு ஐப்பசியில் கிழக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஷெல் விழுந்து நமசிவாயம் செத்துப்போனார். அதோடு அவர் மனைவி கனகாம்பிகைக்கு நித்திரையும் போனது. வாசல் படலையில் அவர் கூப்பிடுகிறார் என்று எழும்பி ஓடுவாள். சோறு இறங்காது. இனி அவள் தேறமாட்டாள் என்றே உடுவில் ஊரில் எல்லாரும் நினைத்தார்கள். மனநல டொக்டர் கொடுத்த குளிசைகள்தான் அவளை மீட்டன. அடுத்த சித்திரையில் அதே தோட்டத்தில், தன் சீதனக் காணியில், திரும்பவும் வெங்காயம் நட்டாள்.

பிறகுதான் மற்றக் கரைச்சல் தொடங்கியது. கழுவிவிட்டுப் படுத்த கால் விடியும்போது செம்மண்ணாய்க் கிடந்தது. ஒருநாள் விடியப்புறம் அவள் மண்வெட்டியோடு பாத்திக்குள் நிற்பதைப் பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்து கண்டாள். கண் திறந்திருந்தது, ஆள் நித்திரை. சந்தியில் இராணுவத்தின் சென்றி, காவலரண், இருந்தது. ஊரடங்கில் நடமாடுவது யாரென்று பார்த்துவிட்டுச் சுட அவர்களுக்குப் பொறுமை கிடையாது. அன்றிலிருந்து சிவக்கொழுந்து பாயைக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலுக்குக் குறுக்கே படுத்தாள்.

நடப்பது மட்டுமல்ல, மறதியும் வந்தது. பின்னேரம் யார் வந்தது, என்ன கதைத்தது என்பதெல்லாம் அடுத்தநாள் துடைத்தெடுத்ததுபோல் இருக்கும். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். குளிசையை எறி என்றார்கள் சிலர். எறியவில்லை. அது இல்லாத நாட்களில் தான் எப்படி இருந்தாள் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

அவளுடைய தமையன் சிவசுப்பிரமணியத்துக்கு மகளின் கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை காணி உறுதி எழுதும் நொத்தாரிசரையும் கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நின்றார்.

"கிழக்குப் பக்கத்துக் காணியைப் பிள்ளைக்கு எழுதித் தாறனெண்டு முந்தநாள் ஓமெண்டனீ. நொத்தாரிசரும் வந்திட்டார்."

கனகாம்பிகை முந்தநாள் பின்னேரத்தைத் தேடிப்பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. அண்ணை வந்தாரா என்பதே தெரியவில்லை.

"மறந்துபோனியோ?" என்றார் அவர், பரிவாகவே.

"மறந்திருப்பன், அண்ணை," என்றாள் அவள். "ஆனா நான் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டன்."

"ஞாபகமில்லாமல் எப்பிடிச் சொல்லுறாய்?"

"என்னை எனக்குத் தெரியும். அவர் செத்த மண் அது. எனக்கு மறதிதான் வந்தது, மனம் மாறேல்லை. இப்ப முழிச்சிருந்துதான் சொல்லுறன். இல்லை."

நொத்தாரிசர் தமையனைத் திரும்பிப் பார்த்தார். "இவ ஓமெண்டு சொல்லேக்கை வேறை ஆர் நிண்டவை?"

"நானும் அவளுந்தான்," என்றார் சிவசுப்பிரமணியம். நொத்தாரிசர் பையைத் தூக்கினார். "மனுசி தெளிவாய்த்தான் இருக்கிறா. நான் வாறன்."

அவர்கள் போனபிறகு அவள் அழவில்லை. முகம் கழுவிச் சீலை மாற்றி, சிவக்கொழுந்தையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு பஸ் ஏறினாள். இதுவரை டொக்டர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னவள், அன்று தானே தொடங்கினாள்.

"எனக்குப் பழைய வருத்தமும் திரும்பி வரக்கூடாது, ஐயா. நான் செய்யிறது எனக்குத் தெரியாமலும் இருக்கேலாது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்கோ."

கண்டதைச் சிவக்கொழுந்து சொன்னாள். டொக்டர் நிறையக் கேள்வி கேட்டார். இரவுக் குளிசைதான் காரணமாயிருக்கும் என்றார். அதை மெல்லமெல்லக் குறைத்து வேறொன்று தந்தார்.

உடனே சரிவரவில்லை. நித்திரையில் எழும்பி நடந்து, இன்னும் இரண்டு தரம் வாசலில் படுத்திருந்த சிவக்கொழுந்தின்மேல் தடுக்கி விழுந்தாள். டொக்டர் மாற்றித் தந்த மூன்றாவது குளிசைதான் ஒத்துவந்தது. பிறகு வந்த விடியல்களில் கால் சுத்தமாக இருந்தது. ஒரு காலை, முதல்நாள் பின்னேரம் சிவக்கொழுந்து சொன்ன ஊர்க்கதை முழுவதையும் அவளுக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வெங்காயம் கிண்டி எடுத்தபோது பிடிபிடியாய்க் கட்டி, கொட்டிலில் இடம் போதாமல் விறாந்தையிலும் தூக்கிக் கட்டினாள்.

மகளின் கலியாணம் முடிந்த அடுத்த வருஷம் சிவசுப்பிரமணியம் தனியாக வந்தார். ஒரு பரப்புக் காணியைக் குத்தகைக்குத் தருவாயோ என்று கேட்டார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"யோசிச்சுச் சொல்லுறன், அண்ணை," என்றாள் கனகாம்பிகை.

அவர் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார்.