தம்பி வீட்டு மாடி வழியாக

விஜயநகரில் இன்று மத்தியானம் நம்ம வயர்லெஸ் மறுபடியும் படுத்துவிட்டது.

டெலிபோன் லைன் கிடைக்காதவர்களுக்காக மாடிக்கு மாடி பெட்டி வைத்திருக்கிறோம். ஒரு பெட்டி அடுத்ததற்குச் செய்தியைக் கடத்தும்; போகிற வழி ஒன்று, வருகிற வழி ஒன்று. நடுவில் ஒன்று அணைந்தால் பல வீடுகளுக்கு ஈமெயில் கிடையாது.

அணைந்திருந்தது ராமசாமி சார் வீட்டுப் பெட்டி.

"நான்தான் ஸ்விட்சை அணைச்சேன்," என்றார். "பின் தெருவுல என் தம்பி எழுதறதும் இது வழியாத்தான் போகுதாமே. அவன் சகவாசமே பேடாப்பா, வேண்டவே வேண்டாம்."

பாகப்பிரிவினையிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

எனக்கோ பழுதைத் தேடி வெயிலில் அலைந்த அலுப்பு. "சார், துபாயிலேர்ந்து உங்க பொண்ணு எழுதறதும் அவர் வீட்டு மாடி வழியாத்தான் உங்களுக்கு வருது," என்றேன்.

பெண்ணுக்கு இது பிரசவ நேரம். அவர் என்னோடு மாடிக்கு வந்து, தானே ஸ்விட்சைப் போட்டார்.

அங்கிருந்து பார்த்தால், தம்பி தன் வீட்டு வாசலில் தடியை ஊன்றி நடந்துகொண்டிருந்தார்.

"அவன் காலுக்கு என்ன?"

"பாத்ரூம்ல விழுந்துட்டார் சார். ஆபரேஷன் ஆச்சு."

"என்கிட்ட யாரும் சொல்லலையே." கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "நீ அங்கே போவியா? எப்படி இருக்கான்னு பாத்துட்டு வா. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாதே."

போனேன். தம்பி என்னைப் பார்த்ததும் கேட்டார்: "அண்ணன் பொண்ணுக்குக் குழந்தை பொறந்துடுச்சா? நான் கேட்டேன்னு சொல்லிடாதப்பா."

பெட்டிகளைச் சரிசெய்யத்தான் எனக்குச் சம்பளம். இவர்களை என்ன செய்வது? நம்ம ஈமெயில் குழுவில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.