சிவப்புத் துணி கட்டிய ஏழு செடிகள்

செடிகளை எண்ணத்தான் போனேன். வேறு எந்த உத்தேசமும் இல்லை.

அப்போது நான் திருப்பதியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆந்திரா தனி ராஜ்யமாகி இருந்தது. எங்கள் பக்கத்து ஊர்களில் எது மெட்ராஸோடு போகும், எது இங்கேயே நிற்கும் என்பது மட்டும் முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கோ அதிலெல்லாம் மனசு போகவில்லை. புத்தூர்ப் பக்கம் ஒரு காய்ந்த மலை. அதன் ஓடைச் சரிவில் ஒரு செடி, பார்க்கக் குட்டை ஈச்சமரம் மாதிரி, ஆனால் ஈச்சமரம் இல்லை. அதுதான் எனக்குப் பைத்தியம்.

அதில் ஆண் தனி, பெண் தனி. ஆண் செடியின் உச்சியில் அன்னாசிப்பழம் போல ஒரு கூம்பு வரும். அறுத்துக் காயவைத்தால் மதனகாமப்பூ என்று நாட்டு மருந்துக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். மகரந்தம் பறப்பதற்கு முன்னாலேயே அறுத்துவிடுவார்கள். அறுத்துவிட்டால் அந்த வருஷம் பெண் செடியில் விதை பிடிக்காது.

"எத்தனை மிச்சம்னு கணக்கு கொண்டு வா. வெட்டக் கூடாத இனத்துல சேர்க்கச் சொல்லி வனத்துறைக்கு எழுதிப் பார்க்கலாம்" என்றார் பேராசிரியர். மறுநாளே கிளம்பிவிட்டேன். ஒரே செடியை இரண்டு தரம் எண்ணிவிடக் கூடாதே என்று, நகரியில் எங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய சிவப்புத் துண்டுகளை எடுத்துப் போய் ஆண் செடிகளில் மட்டும், கூம்பின் காம்பில் கட்டினேன். ஏழு இருந்தன. அந்தச் சரிவு முழுக்க ஏழே ஏழு.

பத்து நாள் கழித்துத் திருப்பதி மருந்துக் கடையில் ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பச்சைக் கூம்பு. ஒன்றின் காம்பில் எங்கள் வீட்டுத் துணி.

"புத்தூர் மலைச் சரக்கு" என்றார் கடைக்காரர். "சர்வேக்காரன் எல்லை போட்டுக்கினு போறான் இல்ல, செவப்புத் துணி கட்டின செடியெல்லாம் மெட்ராஸுக்குன்னு ஊர்ல பேச்சு. போறதுக்குள்ள அறுத்துட்றாங்க."

நின்ற இடத்திலிருந்தே பஸ்ஸுக்கு ஓடினேன்.

சரிவில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று ஆண்கள், என் அக்கா வயசில் ஒரு பெண். எல்லார் கையிலும் கத்தி. நான்கு செடிகள் மொட்டையாக நின்றன. அந்தத் துணியைக் கட்டியது நான்தான் என்று சொன்னேன்.

"நீதான் கெவர்மெண்டா?" என்றாள் அந்தப் பெண். "மீசையே இன்னும் சரியா மொளைக்கல."

மற்றவர்கள் சிரித்தார்கள். கத்தியை யாரும் கீழே வைக்கவில்லை.

"காலேஜ் பையன்க்கா. எண்ணிப் பாக்கத்தான் கட்டினேன்."

"எடுத்துக்கினு போறதுக்கு இல்லாம எவன் எண்ணுவான்? மாட்டை எண்ணினாங்க, வரி வந்துச்சு. இப்ப செடியை எண்ற."

மகரந்தம், விதை என்று நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் புருஷன், "வெதை வந்தா மெட்ராஸ்காரன் பொறுக்கினு போவான், நமக்கு இன்னா?" என்றான்.

"நாமளும் தமிழ்தானே பேசறோம், அண்ணா."

"பேச்சு தமிழ்தான். மலை ஏற ரசீது புத்தூர் ஆபீஸ்லதானே குடுக்கறான்? மலை மெட்ராஸுக்குப் போனா அது செல்லுமா?"

ஒருவன் ஐந்தாவது செடியை நோக்கி நடந்தான். நான் போய் அதன் முன்னால் நின்றுகொண்டேன். அந்தப் பெண்தான் அவனை நிறுத்தினாள்.

"மலை எங்கயும் போவாதுன்னு எழுதிக் குடு. விட்டுட்றோம்."

எல்லையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். தெலுங்கில் எழுதினால்தான் சர்க்கார் தாள் மாதிரி இருக்கும் என்று, இந்த மலை ஆந்திராவிலேயே இருக்கும் என்று தெலுங்கில் எழுதி, இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டேன்.

"சீல் எங்க?"

"பின்னால வரும்" என்றேன்.

மூன்று செடிகள் பிழைத்தன. அதற்கப்புறம் காக்கிச் சட்டையைக் கண்ட இடத்திலெல்லாம் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவேன். சர்க்கார் பேரில் பொய் எழுதியவனுக்கு எத்தனை வருஷம் ஜெயில் என்று சட்டம் படிக்கும் ஒருவனிடம் விசாரித்தேன். "யாருக்குக் கேக்கறே?" என்றான். பேச்சை மாற்றினேன். மழைக்குப் பின் பயந்துகொண்டே மலைக்குப் போனேன். பெண் செடிகளில் விதை தொங்கியது. கீழே இறங்கும்போது அந்தப் பெண் வழிமறித்தாள்.

"தாளை எலி கடிச்சிட்டுது. வேற எழுதிக் குடு. எங்கெங்கயோ காட்டிக்கினு கீறோம்."

எங்கெங்கே என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுதிக் கொடுத்தேன். வருஷா வருஷம் கொடுத்தேன். அவர்களும் சொன்ன சொல் தவறாமல் அந்த மூன்றையும் தொடாமல் விட்டார்கள். பேராசிரியர் அனுப்பிய கணக்குக்கு மட்டும் ஒரே பதில்தான் வந்தது: மலை எந்த ராஜ்யத்தில் என்று முடிவான பிறகு பரிசீலிக்கப்படும்.

நான் அதே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் எல்லை முடிவாயிற்று. பேப்பரில் திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம் என்று ஊர்ப் பட்டியல் வந்தது. விரலை வைத்து வரிவரியாகத் தேடினேன். மெட்ராஸுக்குப் போகும் ஊர்களில் அந்த மலையடி ஊர் இல்லை. இங்கேயேதான். இனி ஜெயில் இல்லை என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இத்தனை வருஷமும் என்னையறியாமல் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன்.

காபி வாங்கிவரச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அது உறைத்தது. பேப்பரே சொல்லிவிட்டது. இனி அவர்களுக்கு என் தாள் எதற்கு? தாள் வேண்டாம் என்றால் அந்த மூன்று செடிகளை எதற்கு விட்டுவைக்க வேண்டும்? கூம்பு முற்றும் மாதம் வேறு.

காபிக்குக் காத்திராமல் புத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அவர்களுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்று புத்தூர் வரும்வரை யோசித்தேன். ஒரு வரியும் தோன்றவில்லை.