வாய்க்குப் பின்னால் வந்த சத்தம்

போன மாதம் ஒரு சாயங்காலம் கிள்ளானில் அடித்த இடியை மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டில் இடி இடித்தால் ஒரு சடங்கே நடக்கும். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போடுவார். டிவி, வைஃபை... சில நாள் பாவம், ஃப்ரிட்ஜ்கூட!

மழை விட்டதும் டிவியை மட்டும் மறுபடி மாட்டினார். அதன் கீழே இருக்கும் நீள ஸ்பீக்கரை, அதாவது சவுண்ட்பாரை, மறந்துவிட்டார். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் செய்தி மெல்லியதாக ஓடியது. சமையலறையில் இருந்த எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

ஆனால் அவர்? அசையாமல் உட்கார்ந்து முழுச் செய்தியையும் பார்த்தார். 'நாளைக்கு வெயில்' என்று சொன்ன பெண்ணைக் கிண்டல் வேறு செய்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்குக் காது மந்தம். போர்ட் கிள்ளானில், கன்டெய்னர் தூக்கும் கிரேன்களுக்கு நடுவே ஷிப்ட் ஷிப்டாக உழைத்த காது அது. பல மாதமாக டிவி பக்கமே வராத மனிதர். போரடிக்கிறது என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்.

எப்போதிலிருந்து இப்படி? கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். சவுண்ட்பார் வந்த நாளிலிருந்து!

அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகள் ஷாலினி, கடல் தாண்டி பெர்த்தில் வேலை கிடைத்து, போன வருடம் கிளம்பிப் போனாள். அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. ஏர்போர்ட்டில்கூட 'பார்த்துப் போ' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவளோ போன சூட்டோடு, அப்பாவுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, இங்கேயுள்ள பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றில் ஆர்டர் போட்டு இந்த சவுண்ட்பாரை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லேப்டாப்பை டிவியில் மாட்டி வீடியோ கால். பெரிய திரையில் மகள் முகம், வீடே அதிரும் குரல். வேறென்ன வேண்டும்? ஆனால் இவர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், அப்புறம் 'நீ பேசு' என்று எழுந்துவிடுவார். திரையில் அவள் முகம் வாடிப்போகும். தான் போனதை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சரி, அன்றைய சாயங்காலத்துக்கு வருவோம். சவுண்ட்பாரை மாட்டிவிட்டு டிவிக்கு எதிரே போய் நின்றேன். எத்தனை வருடமாக டிவி பார்க்கிறேன்... அன்றுதான் முதல் முறையாகச் செய்தி வாசிப்பவரின் வாயை மட்டும் பார்த்தேன். அவர் வாய் மூடிவிட்டது. கடைசி வார்த்தை அதற்கப்புறம் வந்து சேர்ந்தது! இம்மியளவு தாமதம்தான். மட்டமான டப்பிங் படம் மாதிரி இருந்தது.

எப்போதும் இப்படித்தானா என்று அவரைக் கேட்டேன்.

"வாய் முன்னால போவுது, சத்தம் பின்னால வருது. எனக்கு வாயப் பாத்தாதான் பாதி புரியும். ரெண்டும் ஒட்டலன்னா தலைவலி வந்துரும் லா."

அதை அன்றைக்கே சொல்லித் தொலைப்பதற்கென்ன?

சவுண்ட்பார் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "புள்ள ஆசையா வாங்கி அனுப்புனது. நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் மகளும் கோபம் என்று நினைத்தது இதைத்தானா!

மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சவுண்ட்பாரின் கையேட்டோடு உட்கார்ந்தேன். புரியாததை இன்டர்நெட்டில் தேடினேன். டிவிக்குப் பின்னால் மாட்டுகிறோமே எச்டிஎம்ஐ கேபிள் — அதற்கும் வெர்ஷன் உண்டாம். படமும் சத்தமும் ஒரே ஒயரில் போனாலே அதிசயம் என்ற காலத்தில் ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு, பின்தங்கும் சத்தத்தை வாயோடு சேர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆனால் கம்பெனிகள் விரும்பினால் அதைச் செய்யலாம், விட்டாலும் விடலாம். அடுத்து, டிவியிலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தம் அதே ஒயரில் திரும்பிப் போகும் வசதி. அதற்கும் பின்னால் வந்த 2.1 வெர்ஷனில் அந்தத் திரும்பும் பாதையை அகலமாக்கி, வாயும் சத்தமும் சேர்ந்தே வர வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

எங்கள் டிவியும் சவுண்ட்பாரும் அந்தப் புது வகைதான். பிறகு ஏன் ஒட்டவில்லை? சவுண்ட்பாரோடு வந்த புதுக் கேபிள் எங்கே என்று அவரைக் கேட்டேன்.

பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக்கூடக் கிழிக்காமல் சுருண்டு கிடந்தது! பழசு நன்றாகத்தானே இருக்கிறது என்று, எந்தக் காலத்திலோ டிவி சேனல் டிகோடர் பெட்டியோடு வந்த கேபிளை மாட்டியிருக்கிறார். முனை ஒரே மாதிரி, ஓட்டையிலும் கச்சிதமாக உட்காருகிறது, சத்தமும் வருகிறது. யார் சந்தேகப்படுவார்கள்? சிரிக்காதீர்கள்... உங்கள் வீட்டுப் புதுத் துண்டு அலமாரியில்தானே இருக்கிறது?

அந்தப் பழைய கேபிளில் புது வசதிக்கு வேண்டிய ஒயர் இல்லை. அதனால் இரண்டு மெஷினும் பழைய வழியிலேயே பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. புதுக் கேபிளை மாட்டினேன். மெனுவில் ஒரு பட்டனை ஆன் செய்தேன். அவ்வளவுதான் வேலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷாலினி வீடியோ காலில் வந்தாள். கேமராவில் தெரியாதபடி சோபா ஓரத்தில் இவர் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல அப்பா எழுந்து போய்விட்டார் என்று அவள் நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அப்பாவுக்கு இன்னும் என் மேல கோவமாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து பதில் வந்தது.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ பேசுனது எனக்குப் புரியல, அவ்வளவுதான். இப்பப் புரியுது. சாப்டியா?"

திரையில் அவள் உதடு துடித்தது. "சாப்டேன்ப்பா" என்றாள். இவர் எழுந்து கேமராவுக்கு முன்னால் வந்து, கேபிள் கதையை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். தன்னுடைய பரிசைப் பற்றி அப்பா புகார் சொல்வதை அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கேட்டாள் என் மகள்.

அன்றிலிருந்து அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். எங்கோ ஒரு மீட்டிங் அறையில் இஞ்சினியர்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். கண்ணுக்கே தெரியாத இந்தத் தாமதத்துக்கு இத்தனை பாடா என்று ஒருவராவது அலுத்துக்கொண்டிருப்பார். கட்டாயம் வேண்டும் என்று இன்னொருவர் பிடிவாதம் பிடித்திருப்பார். அந்தப் பிடிவாதக்காரர் ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது. கிள்ளானில் ஒரு அப்பாவும் பெர்த்தில் ஒரு மகளும் இருப்பது அவருக்கும் தெரியாது. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் ஐயா, அம்மா... யாராக இருந்தாலும்.

எனக்கு இப்போது ஒரே ஒரு குறைதான் — ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு பேச எனக்கு முறையே வருவதில்லை!