பாட்டிலில் சாய்ந்த தண்ணீர்

டிரம்ஸ் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. என்னிடம் ஓடி வருகிறவர்கள்கூட, "பாடுறவர் எங்கண்ணே?" என்று கேட்கத்தான் வருவார்கள். ஆனால் எங்கள் ராக் குழுவின் ஒரே சட்டம் என்னை நம்பித்தான் இருந்தது. என்ன ஆனாலும் டிரம்ஸ் நிற்கக் கூடாது. கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு விழாவில் ஜெனரேட்டர் படுத்துக்கொண்டபோது, கரண்ட் வரும்வரை இருட்டில் தனியாக அடித்துக்கொண்டிருந்தேன். 'நிக்காத ஆளு' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில்தான் எனக்குச் சோறு.

ஒரு தை மாதக் கடைசியில் திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் கச்சேரி. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்த இளைஞர்கள், ஊருக்குள் இடம் போதாதென்று சம்பா அறுத்த வயலிலேயே மேடை போட்டுவிட்டார்கள். வேறு சீமைக்காரன் என்றால் வயலைப் பார்த்ததுமே யோசித்திருப்பான். எங்களுக்கு வயல் வீட்டுத் தரை மாதிரி.

மதியம் போய் நடந்து பார்த்தேன். மேலே பொருக்குத் தட்டியிருந்தது. குதிகாலை அழுத்தினால் உள்ளே சேறு. பக்கத்து வயலில் மோட்டார் ஓடி, ஈரம் வரப்பைத் தாண்டிக் கசிந்திருந்தது. மேடை போட்டவரிடம் சொன்னேன். மேடைக் கால்களுக்கு அடியில் பலகை கொடுத்துத்தான் ஊன்றியிருப்பதாகவும், அறுப்பு மெஷினையே தாங்கிய வயல் இது என்றும் சொல்லிச் சிரித்தார். நானும் வெள்ளாமை வீட்டுப் பிள்ளைதான், பதில் நியாயமாகத்தான் பட்டது.

பொழுது சாய்ந்ததும் கச்சேரியைத் தொடங்கினோம். பெரிய டிரம் நான் மிதிக்க மிதிக்க முன்னால் நகரும் என்பதால் அதற்கு முன் எப்போதும் ஒரு செங்கல் வைப்பேன். மூன்றாவது பாட்டின்போது அது முன்னால் போகாமல் இடது பக்கமாக நகர்ந்தது. காலால் இழுத்து வைத்தேன். மறுபடி நகர்ந்தது. ஸ்டூலுக்கு அருகே இருந்த பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் இடது பக்கம் ஏறி நின்றது.

இடது பக்கம்தான் விளக்குகள் கட்டிய இரும்புக் கம்பம். அதன் கீழேதான் பாடகன், பள்ளிக்கூடத்திலிருந்தே என் கூட்டாளி, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான்.

கத்தினேன். டிரம்ஸ் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஒரு குச்சியைத் தூக்கிக் கம்பத்தைக் காட்டினேன். நான் வித்தை காட்டுகிறேன் என்று கூட்டம் விசிலடித்தது. அவனும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு இன்னும் ஓரமாகப் போனான்.

நிறுத்தினேன்.

கூட்டம் கூச்சல் போட்டது. அவன் மைக்கை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தான். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"மானத்த வாங்காதடா. வாசி."

"மேடை எறங்குது."

"வாசிடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். என்மேல் கை ஓங்கினான். அப்போதுதான் பின்னால் கம்பம் சரிந்து, அவன் நின்ற இடத்தில் பலகையைப் பிளந்துகொண்டு இறங்கியது. மைக் ஸ்டாண்டு தட்டையாகிக் கிடந்தது. நல்லவேளை, கூட்டம் தடுப்புக்கு அப்பால் இருந்தது. ஓங்கிய கையை அவன் வெகுநேரம் இறக்கவில்லை.

அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் எங்கள் பாட்டு ஒன்றில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று மறுபடி தொடங்கும் இடம் ஒன்று இருந்தது. ஒத்திகையில் அந்த இடம் வந்தபோது அவன் பாடாமல் பின்னுக்கு நகர்ந்து, தலைக்கு மேலே பார்த்தான். அந்த நிறுத்தத்தைப் பாட்டிலிருந்தே எடுத்துவிட்டோம்.

போன மாதம் பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்பில் மேடை. மணல் தரை, பயமில்லை என்றார்கள். நான் செங்கல்லை வைத்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தான். தண்ணீர் ஆடி நிற்கும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதன்பிறகுதான் அவன் முன்னால் போனான்.