ராவுத்தர் அனுப்பிய பச்சைக் கட்டை

சென்ற வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் அடுப்பைத்தான் பற்றவைத்தேன். ஒரே புகை. ஊதி ஊதிக் கண் எரிந்தபின் ஒரு கட்டையை வெளியே இழுத்துப் பார்த்தேன். பச்சை உடைமரக் கட்டை, கருவேலம் போன்ற அந்த முள்மரத்தின் பட்டை ஈரம்கூடக் காயவில்லை. ஆரப்பாளையத்தில் விறகுக்கடை வைத்திருந்த காதர் ராவுத்தரிடம்தான் பல ஆண்டுகளாக விறகு வாங்கிவந்தேன். பச்சைக் கட்டை வந்ததே இல்லை. இந்த யுத்தத்தில் இவரும் மாறிவிட்டாரா? நேரில் போய்க் கேட்டுவிடுவதென்று கிளம்பியபோது பால்காரி கருப்பாயி வாசலில் நின்று சொன்னாள்: "வெறகுக்கடை ராவுத்தரு விடியக்காலம் மௌத்தாயிட்டாராம்மா." சண்டைக்குக் கிளம்பியவள் துக்கம் கேட்கப் போனேன்.

இந்த நினைவஞ்சலியைப் படிக்கும் உங்களில் அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அவர் பேச்சை எளிதில் நம்ப முடியாது. விறகு விற்பவர், மரத்தை வெட்டாதே என்பார். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, மரத்தை மறுபடி தழைக்க விடுவார். "ராவுத்தரு மரத்துக்கு முடிவெட்டி விடுறாரு மாப்ள. சவரமும் உண்டான்னு கேளு" என்று வெட்டுகிற ஆட்கள் அவர் காதுபடவே சிரிப்பார்கள். "சிரிங்கடா. அடுத்த தடவையும் ஒங்களுக்குக் கூலி வேணும்ல?" என்பார் அவர்.

ஆனையூர்ப் பக்கம் என் தந்தை விட்டுப்போன மேட்டு நிலம் ஒன்று உண்டு. உடைமரமும் புல்லும் மண்டிய காடு. அதை விற்காதீர்கள் என்று ராவுத்தர் முதலில் சொன்னபோது, அவரே வாங்கப் பார்க்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஐப்பசி மழை ஓய்ந்ததும் என்னையும் என் தம்பியையும் அங்கே கூட்டிப்போனார். எங்கள் காட்டிலிருந்து கண்மாய்க்கு இறங்கும் ஓடையில் ஒரு செம்பு தண்ணீர் மொண்டார். பக்கத்து நிலத்தில் மரங்களை எரித்துக் கரியாக்கும் மூட்டம் போட அப்போதுதான் மொட்டையடித்திருந்தார்கள். அங்கிருந்து வந்த தண்ணீரை இன்னொரு செம்பில் மொண்டார். முதல் செம்பில் அடி தெரிந்தது. மற்றதில் செம்மண் குழம்பு.

"இந்த மண்ணு அம்புட்டும் கம்மாய்க்குள்ள போய்ப் படுத்துக்கிரும். அப்பறம் தண்ணி எங்க நிக்கும்?"

"சரி, இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டேன்.

"இருக்கே டீச்சரம்மா! கம்மாய் பெருகுனாத்தான் உள்ள நிக்கிற கருவேலம் வளரும். அதானே ஏங் கடைக்கு வெறகு? பின்ன, ஒங்க மேல பிரியத்துலயா இம்புட்டுத் தூரம் நடந்து வந்தேன்?"

தம்பி சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. ராவுத்தர் அதைக் கவனித்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் சொன்னார்: "நீங்க சந்தேகப்படுறது நல்லதுதான். விட்ராதீக. நாளைக்கு நானே வந்து கேட்டாலும் இந்தக் காட்டைக் குடுத்துராதீக."

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் இப்போது பஸ்களெல்லாம் மரக்கரி வாயுவில் ஓடுகின்றன. நிற்கும் மரத்தையெல்லாம் விலை கேட்டு வருகிறார்கள். ஒரு கரிக் காண்டிராக்டரை நான் திருப்பி அனுப்பினேன். தம்பியோ விற்றுவிடலாம் என்கிறான். இந்த நிலையில்தான், இறப்பதற்குச் சில நாள் முன்பு ராவுத்தர் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து என் முகத்தைப் பார்த்தார். "அப்பறம் வாரேன் டீச்சரம்மா" என்று எழுந்து போய்விட்டார்.

துக்க வீட்டில் பெண்களோடு சற்று உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தேன். ஜனாஸாவை அடக்கத்துக்கு இன்னும் எடுக்கவில்லை. தெருமுனையில் அந்தக் காண்டிராக்டர் நின்றிருந்தார். "ஒங்ககிட்டப் பேசி முடிச்சுத் தாரேன்னு ராவுத்தருதாம்மா சொல்லியிருந்தாரு. அவரு கடைசி ஆசைன்னு வச்சுக்கங்களேன்" என்றார்.

பொய்யாக இருக்கலாம். ஆனால் அந்தப் பச்சைக் கட்டை எங்கிருந்து வந்தது? அன்று அவர் சொல்லாமல் விழுங்கியது என்ன? கடைசிக் காலத்தில் அவரும் தரகு பேசச் சம்மதித்துவிட்டாரா? நினைவஞ்சலியில் இப்படியெல்லாம் எழுதலாகாது என்பீர்கள். எனக்குத் தெரியாததை மறைத்து அவரை மகானாக்க எனக்கு மனமில்லை. அவருக்கும் அது பிடிக்காது.

விட்டுவிடாதீர்கள் என்று அவர் சொன்ன சந்தேகம், அது ஒன்றுதான் அவர் நினைவாக என்னிடம் இருக்கிறது. இப்போது அதை அவர் மேலேயே வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்டை விற்கும் பத்திரம் பேசத் தம்பி வருகிறான். அவனிடம்கூட இன்னும் சொல்லவில்லை: ராவுத்தரே எழுந்து வந்து கேட்டாலும் அந்தக் காட்டைக் கொடுப்பதாக இல்லை.